ஊசற் பருவத்துக்கு முன்

கலித்தொகையின் 37ஆம் பாடலில் ஒரு பெண் ஊஞ்சலிலிருந்து விழுகிறாள். தினைப்புனத்தில் கிளி விரட்டுகிற வேலை. பக்கத்தில் ஊசல். பல நாட்களாக அவளைப் பார்த்தும் பேசாமல் போகிற ஒருவன் அன்றைக்கு வருகிறான். 'கொஞ்சம் ஆட்டிவிடேன்' என்கிறாள். அவனும் ஆட்டுகிறான். வேகம் ஏறியதும் அவள் கையை விட்டுவிட்டு அவன் மார்பில் விழுகிறாள். பொய்யாக விழுந்தேன் என்று தோழியிடம் அவளே சொல்கிறாள். அவன் அதை நிஜமென்று நம்பித் தாங்கிக்கொள்கிறான். கண் விழித்தால் 'சரி, கிளம்பு' என்று அனுப்பிவிடுவானே என்று மயங்கியவள் மாதிரியே கிடக்கிறாள்.

காதல் பாட்டாக இதைப் பலரும் பேசியிருக்கிறார்கள். பொறியியல் படித்தவன் என்பதாலோ என்னவோ, என் கண் அந்தக் கை நெகிழ்கிற இடத்திலேயே நிற்கிறது. பிடிக்கத் தெரிந்த கை, அதனால்தான் விடவும் தெரிந்த கை. ஊஞ்சல் என்ற கருவி நம்பியிருப்பது பலகையையும் கயிற்றையும் மட்டுமல்ல, ஆடுகிறவரின் பத்து விரல்களையும்தான். அந்த விரல்கள் அதன் கட்டமைப்பில் ஒரு பாகம்.

ஒன்றரை வயது மகளுக்காகத் தென்காசிப் பக்கம் அம்மா வீட்டுக் கொல்லையில் ஊஞ்சல் போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது எனக்குச் சிக்கலாகத் தெரிந்தது இதுதான். புளியமரம் இருக்கிறது, தேக்குப் பலகை இருக்கிறது, அப்பா காலத்து வடம்கூடப் பரணில் இருக்கிறது. கைதான் இல்லை. அவளுக்குப் பிடிக்கத் தெரியும். ஆனால் ஒரு காக்கா கத்தினால் இரண்டு கையையும் விட்டுவிட்டு அதைக் காட்டுவாள்.

நம் பழைய இலக்கியத்தில் ஊஞ்சல் யாருக்கு என்று தேடிப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. அகநானூற்றின் 20ஆம் பாடலில் கடற்கரைப் பெண்கள் ஞாழல் மரக்கிளையில் தாழை விழுதையே கயிறாகக் கட்டி ஆடுகிறார்கள். நற்றிணை 90இல் பனைநாரில் திரித்த பெருங்கயிறு. தோழிகள் ஆட்டிவிட்டும் ஆடாமல் ஒரு பெண் அழுதுகொண்டே போய்விடுகிறாள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இருக்கிறது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல். மதுரை மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டி ஊஞ்சல் மண்டபமே உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மனும் சுவாமியும் அங்கே எழுந்தருளி ஆடுகிறார்கள். கன்னிப் பெண்கள், தெய்வங்கள், கல்யாணத்தில் மணமக்கள். கைக்குழந்தையை இந்த வரிசையில் காணோம்.

இதைவிடத் துல்லியமான சாட்சி பிள்ளைத்தமிழ். பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை ஒரு வளர்ச்சி அட்டவணையாகப் படித்துப் பாருங்கள். தலையைத் தூக்கி ஆடுவது செங்கீரை. தாலாட்டுக்குத் தால். கை கொட்டுவது சப்பாணி. முத்தம். தளர்நடை நடந்து வருவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. பிறகு அம்மானை, நீராடல். பத்தாவதாக, எல்லாம் முடிந்த பிறகு, ஊசல். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை இந்த வரிசையில்தான் பாடி முடிக்கிறார். மதுரையை ஆளப்போகிற பெண்ணாக இருந்தாலும் அம்மானைக் காயைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் ஊஞ்சல். குழந்தை மருத்துவர் யாரும் எழுதிக் கொடுத்த அட்டவணை இல்லை இது. ஆனாலும் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துழைப்பு வந்த பிறகே கயிறு என்கிற வரிசை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. என் மகள் இப்போது சப்பாணிக்கும் வருகைக்கும் அம்புலிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறாள். கை கொட்டுகிற பருவத்தில் இருக்கிற பிள்ளையைக் கயிற்றைப் பிடி என்று சொல்வது எப்படி?

பிடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நம்மிடம் இருந்த கருவி வேறு. தூளி. யாழ்ப்பாணத்தில் ஏணை. பழைய சேலையை உத்தரத்தில் கட்டினால் போதும். வயல் வேலைக்குப் போகிற பெண்கள் வரப்போர மரத்தில் கட்டினார்கள். கட்டட வேலை நடக்கிற இடங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். தூளியில் ஒரு சின்னப் பொறியியல் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மேல்பக்கம் துணியின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் ஒரு குச்சியைக் குறுக்கே கொடுப்பார்கள். எங்கள் ஆச்சி அதைத் தொட்டில் கம்பு என்பாள். துணி இரண்டு பக்கமும் ஒட்டி மூடிக்கொள்ளாமல், காற்று வரவும் பிள்ளையின் முகம் தெரியவும் அந்த ஒரு முழக் கம்பு. தூளி படுத்துக்கிடக்கிற பிள்ளைக்கானது. பிள்ளை உட்கார, எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டால் அது ஆபத்து. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையின் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடி, துணி முறுக்கிக் கழுத்து இறுகிப் போன செய்திகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டேயிருக்கின்றன. உள்பக்கம் ஒரு பத்தியில் வரும். மறுநாள் மறந்துபோகும்.

கயிறு, கழுத்து என்று பேச்சு வந்தால் கிரேக்கர்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஏத்தன்ஸில் அயோரா என்று ஓர் ஊஞ்சல் விழா இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட கதை இது. இக்காரியஸ் என்பவன் திராட்சை மதுவை முதன்முதலாக ஊராருக்குக் கொடுக்கிறான். போதையை விஷம் என்று நினைத்து அவர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். மகள் எரிகோனே அப்பாவின் உடலைத் தேடிக் கண்டுபிடித்து, மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அதன்பின் ஏத்தன்ஸ் பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கில் தொங்குகிறார்கள். தெய்வவாக்குக் கேட்டு, பரிகாரமாக மரங்களில் ஊஞ்சல் கட்டிப் பெண்களை ஆட்டுகிறார்கள். அதே மரம், அதே கயிறு. கழுத்துக்குப் பதில் பலகை. அந்தக் காலத்தவர்களுக்கு ஊஞ்சலும் சுருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது தெரிந்திருக்கிறது.

அந்த மரபிலிருந்துதான் நான் பார்த்ததிலேயே பழைய சிறுபிள்ளை ஊஞ்சல் படமும் வருகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. எரெட்ரியா ஓவியர் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிற ஒருவர் ஒரு சின்ன மதுக்குடுவையில் தீட்டியது. தாடி வைத்த ஒரு மனிதர் சின்னப் பையனைத் தூக்கி ஊஞ்சலில் உட்கார வைக்கிறார். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தில் பையனைத் தாங்குவது கயிறு அல்ல, அப்பாவின் கை. கிரேக்கரிடமும் சிறுபிள்ளைக்கென்று தனி ஊஞ்சல் இருந்ததாக இந்தப் படம் காட்டவில்லை. பெரியவர்களின் ஊஞ்சலும் பெரியவர் ஒருவரின் இரண்டு கைகளும்தான் இருக்கின்றன.

ஊஞ்சல் மொத்தமாகப் பிள்ளைகளின் பொருளானது தொழிற்புரட்சிக்குப் பிறகு. நகரங்களில் பிள்ளைகள் தெருவில் வண்டிகளுக்கு நடுவே விளையாடினார்கள். அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிளம்பியது. 1906இல் அமெரிக்க விளையாட்டிடச் சங்கம் உருவானது. அந்தக் காலப் புகைப்படங்களைத் தேடிப் பார்த்தால் வயிறு கலங்கும். இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சட்டங்கள், அவற்றின் உச்சியில் பிள்ளைகள், கீழே வெறும் கட்டாந்தரை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் சார்ல்ஸ் விக்ஸ்டீட். 1847இல் பிறந்த ஆங்கிலேயப் பொறியாளர். நீராவி ஏர் ஓட்டும் தொழிலில் தொடங்கி, கெட்டரிங் ஊரில் இயந்திரப் பட்டறை வைத்தவர். தொழிலாளர்களுக்கு ஒரு மாதிரிக் குடியிருப்பு கட்டலாம் என்று முதல் உலகப் போர் தொடங்குகிற சமயத்தில் நிலம் வாங்கினார். போர் வந்து திட்டம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளின் விருந்து ஒன்றுக்காக நீண்ட மரக் கம்பங்களை உச்சியில் சங்கிலியால் கட்டி அங்கே ஊஞ்சல் போட்டார்கள். முடிந்ததும் கழற்றிவிடுவதாகத் திட்டம். பிள்ளைகள் விடவில்லை. ஊஞ்சல் நின்றது, குடியிருப்புத் திட்டம் பூங்காவானது. 1921இல் முறையாகத் திறந்தார்கள். பட்டறை ஊஞ்சலும் சறுக்கும் செய்யும் தொழிற்சாலையாக மாறியது. நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் ஜிஐ பைப்பை ஏ எழுத்து மாதிரி ஒட்டி, மேலே குறுக்குப் பைப் வைத்துக் கொடுக்கிறார்களே, அது விக்ஸ்டீட் காலத்து இரும்பு ஊஞ்சல்களுக்குத் தூரத்துப் பேரன்.

விக்ஸ்டீட் தலைமுறை உறுதியைத் தீர்த்துவிட்டது. இரும்பு உடையாது, சங்கிலி அறாது. ஆனால் அப்போதுதான் அடுத்த பிரச்சினை கண்ணில் பட்டது. ஊஞ்சல் உடையாவிட்டாலும் பிள்ளை உடையும். அமெரிக்காவில் 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வந்தது. மருத்துவமனை அவசரப் பிரிவுகளிலிருந்து கணக்கு எடுத்தார்கள். அதில் பெரிய பங்கு விழுந்த அடி. கருவி முறிந்ததால் அல்ல, தரை கடினமாக இருந்ததால். ஊஞ்சல் என்று பார்த்தால் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆடிக்கொண்டிருக்கிற பலகை, கீழே நடந்து போகிற பிள்ளையை அடிப்பது. 1981இல் அந்த ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கான கையேட்டை வெளியிட்டது. மரப் பலகையும் இரும்புப் பலகையும் போய் ரப்பர் பட்டை வந்தது. குதிரை மாதிரி வார்த்த கனத்த உலோக ஊஞ்சல்களைக் கழற்றச் சொல்லி 1995இல் எச்சரித்தது. விழுகிற பிள்ளைக்கும் சரி, நடந்து போகிற பிள்ளைக்கும் சரி, அந்தக் குதிரை சுத்தியல்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "நீங்கள்லாம் புளியமரத்துல கயிறு கட்டி ஆடலையா? என்னல கொறஞ்சு போச்சு?" என்றாள். எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தரின் நெற்றியை ஞாபகப்படுத்தினேன். நாலு வயதில், நாங்கள் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலுக்குப் பின்னால் பந்து பொறுக்க வந்தவர். பலகையின் முனை பட்டு ஏழு தையல். இன்றைக்கும் அவர் சிரித்தால் அந்தத் தழும்பு ஒரு பக்கமாக இழுக்கும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது அவன் பாத்து வந்திருக்கணும்" என்றாள், அவளுக்கே அது நம்பிக்கையில்லாத குரலில்.

நாலு வயதுப் பிள்ளை பார்த்து வராது. பலகை இப்போது தூரத்தில் இருக்கிறது, அதனால் இடம் காலி என்றுதான் அதன் மூளை சொல்லும். திரும்பி வரும் என்பதைக் கணக்கிட அனுபவம் வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புளியமரக் கிளையில் கட்டினால் கயிறு சுமார் 5 மீட்டர் வரும். 45 பாகை வரை ஆட்டினால் அடிப்புள்ளியில் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். இருக்கை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் மேலே ஏறும். ஒரு முறை போய்த் திரும்ப நாலரை விநாடி, அதாவது நடுவில் புகுந்துவிட ஆசை காட்டுகிற அளவு நேரம். அதே 45 பாகையை ஒரு மீட்டர் சங்கிலியில் ஆட்டினால் வேகம் 9 கிலோமீட்டருக்குள், ஏற்றம் 30 சென்டிமீட்டர், போய்த் திரும்ப 2 விநாடி. குழந்தைக்கு இரண்டிலும் சிரிப்பு ஒன்றுதான். உயரமான மரம் அவளுக்காக இல்லை, நமக்காக. நாம் ஆடிய ஞாபகத்துக்காக.

ஆணையத்தின் கையேடும் இதே திசையில்தான் போகிறது. சிறுபிள்ளைகளின் முழுக்கூடை ஊஞ்சலுக்குத் தொங்கும் புள்ளி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டருக்கு மேலும் 2.4 மீட்டருக்குள்ளும் இருக்கட்டும் என்கிறது. பெரிய பிள்ளைகளின் ஊஞ்சலோடு ஒரே சட்டத்தில் மாட்டாதே என்கிறது. முன்னும் பின்னும், தொங்கும் புள்ளிக்கும் இருக்கைக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு காலியிடம் கேட்கிறது. மரத்தில் கட்டியிருந்தால் எனக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டர் வேண்டும். அங்கே துவைக்கிற கல் இருக்கிறது, கிணறு இருக்கிறது. பட்டறையில் சொல்லி ஒன்றரை மீட்டர் உயரத்தில் தனிச் சட்டம் செய்தேன். முன்னால் இரண்டேகால் மீட்டர், பின்னால் இரண்டேகால் மீட்டர் போதுமானது. கால்களைக் குழி தோண்டிக் கான்கிரீட்டில் புதைத்து, கான்கிரீட் மேலே தெரியாமல் மூடினோம்.

பட்டறைக்காரர், "பன்னெண்டு கிலோ புள்ளைக்கு எதுக்கு சார் இவ்ளோ கனமான பைப்பு?" என்றார். பிள்ளைக்காக இல்லை. எந்த ஊஞ்சலிலும் கடைசியில் ஒரு மாமா வந்து உட்காருவார். கல்யாண வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்ட களைப்பு, "பாப்போம்" என்று ஒரு தள்ளு. 45 பாகைக்கு ஆடினால் அடிப்புள்ளியில் சங்கிலி தாங்குவது அவர் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 90 பாகைக்குப் போனால் மூன்று மடங்கு. 80 கிலோ மாமாவுக்கு 240 கிலோ. அதற்கு மேல் ஐந்து மடங்கு கூட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம். பரணில் இருந்த வடத்தைத் தொடவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிற்றின் உள்ளிழை எப்படியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் இன்னும் குறையும். சங்கிலி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை விரல் நசுங்காமலிருக்க, கை எட்டுகிற உயரம் வரை அதற்கு ரப்பர் ஹோஸ் உறை.

இருக்கைதான் இந்த மொத்தக் கதையின் முடிச்சு அவிழ்கிற இடம். ஒன்றரை வயதில் தலை உடம்பின் ஐந்தில் ஒரு பங்கு உயரம். பெரியவர்களுக்கு ஏழரையில் ஒன்று. தலைகனத்த பொம்மையைப் பலகையில் வைத்தால் பின்பக்கமாகக் கவிழும். இடுப்பைச் சுற்றி வளைத்து, இரண்டு காலுக்கும் தனித்தனி ஓட்டை விட்ட கூடை இருக்கைக்குப் பிள்ளையின் கை தேவையே இல்லை. கை கொட்டலாம், காக்காயைக் காட்டலாம். தூளியின் அணைப்பும் ஊஞ்சலின் வீச்சும் சேர்ந்த பொருள் அது. ஒன்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். இடைவெளி எதுவும் 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் நடுவில் இருக்கக் கூடாது. உடம்பு நழுவிப் போய்த் தலை மாட்டிக்கொள்கிற அளவு அதுதான். அதோடு நம்ம ஊருக்கென்று ஒரு விதி நானாகச் சேர்த்தேன். கழுத்தில் தாயத்து, கறுப்புக் கயிறு, சங்கிலி எதுவும் போட்டு ஊஞ்சலில் உட்கார வைக்கக் கூடாது. கொக்கியில் மாட்டினால் அந்தக் கயிறு அறாது. மந்திரித்த கயிறு என்று ஆச்சி முணுமுணுத்தாள். அரையில் கட்டிவிட்டாள்.

தரைக்குத்தான் அதிகம் அலைந்தேன். ஒரு மீட்டரிலிருந்து விழுகிற தலை, சிமென்ட் தரையில் அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் புவியீர்ப்பைப் போல 200 மடங்கு வேகத்தணிப்பு. விளையாட்டிடத் தரைச் சோதனைகளில் எல்லையாக வைத்திருக்கிற எண்ணும் 200தான். பத்து சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் அது 10 மடங்காகக் குறைகிறது. மொட்டைமாடியில் ஊஞ்சல் மாட்டுகிறவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம். புல்தரை, செம்மண் இரண்டையும் கையேடு பாதுகாப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. மிதித்து மிதித்து இறுகிவிடும். 23 சென்டிமீட்டர் மணல் போட்டால் 1.2 மீட்டர் உயரத்துக்குத்தான் தாங்கும். ஊஞ்சலில் விழும் உயரம் என்பது இருக்கையிலிருந்து அல்ல, தொங்கும் புள்ளியிலிருந்து அளப்பது. அதே ஆழத்துக்கு மரச்சில்லு போட்டால் 3 மீட்டர் வரை தாங்கும். ஆற்று மணல் விற்கிற விலைக்கு மரச்சில்லு எவ்வளவோ மேல். செங்கோட்டைச் சாலை மரவாடியில் ஆணியில்லாமல் சலித்து, ஒரு மினி லாரி கொண்டு வந்தோம். கறையான் வரும், தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

இப்படியே எல்லாவற்றையும் ரப்பரில் பொதிந்துவிட்டால் பிள்ளைகள் எதைத்தான் கற்றுக்கொள்வார்கள் என்று ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக ஒரு விவாதம் ஓடுகிறது. அதில் நான் பாதி அந்தப் பக்கம்தான். எட்டு வயதில் அவள் புளியமரத்தில் ஏறி முட்டியைச் சிராய்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிராய்ப்பிலிருந்து எதையாவது கற்றுக்கொள்கிற வயது அது. ஒன்றரை வயதுக்கு விழுந்ததும் தெரியாது, ஏன் விழுந்தோம் என்பதும் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சட்டத்தைப் பார்க்க வேண்டும். எஸ் கொக்கியின் வாயில் ஏடிஎம் கார்டு நுழைந்தால் இடுக்கியால் இறுக்க வேண்டும், கையேடு ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு மேல் விடுவதில்லை. சித்திரை வெயிலில் கூடையை நம் கையால் தொட்டுப் பார்க்காமல் பிள்ளையை வைக்கக் கூடாது. ஆடி முடித்ததும் கூடையைக் கழற்றி அடுப்படிச் சுவர் ஆணியில் மாட்டிவிடுகிறோம், யாரும் பார்க்காதபோது அவளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ ஏறிவிடாமல். தேக்குப் பலகையை அம்மா எண்ணெய் தேய்த்துப் பட்டாசலில் சாய்த்து வைத்திருக்கிறாள். அம்மானை ஆடுகிற வயதுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று வாரம் ஒருமுறை போனில் கேட்கிறாள்.